நீர்வேலியில் "பொட்டு எங்கை?" என்று கேட்டார்கள்

கட்டடக்கலையில் எனக்கு இது மூன்றாம் ஆண்டு. மண், தண்ணீர், அயல் சனம் மூன்றையும் பார்த்து, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வீடுகளுக்குத் திட்டம் வரைய வேண்டும். இரண்டு வீட்டாரும் சம்மதிக்காவிட்டால் திட்டம் செல்லாது. மதிப்பீட்டுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. அதனால்தான் போன மாசியில் புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன்.

மனம் ஒரு நிலையில் இல்லை. தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது என் உம்மாவும் வாப்பாவும் துரத்தப்பட்ட ஊர் அது. முக்காட்டோடு ஒரு சைவ வீட்டுக்குள் போய்ப் படத்தை விரித்தால் என்ன சொல்வார்களோ? வழியெல்லாம் இதே யோசனை.

யாழ் நகரிலிருந்து நீர்வேலி பத்துக் கிலோமீற்றர்கூட வராது. பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினால் போதும். "நீர்வேலி வந்தாச் சொல்லுங்கோ அண்ணை" என்று நடத்துனரை அரித்துக்கொண்டே இருந்தேன்.

"ஓம் தங்கச்சி, நீர்வேலி ஒரு இடமும் ஓடாது" என்றார் அவர்.

வாழைத்தோட்டத்துக்குப் பின்னால் அந்த இரண்டு வளவுகள். நடுவே வேலி. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, அதுவும் ஒரு வீட்டுக்காரி வசந்தி அக்காவின் பக்கம். சுண்ணக்கல் நிலம் என்பதால் மலசலகூடக் குழியின் கசிவு கிணற்றில் சேர்ந்துவிடும். ஆகவே, கூடப் படிக்கும் நண்பர்கள் முன்பே வந்து எடுத்துவந்த அளவுகளை வைத்துக் குழிகளைத் தூரத் தள்ளியிருந்தேன். வேலிக்குப் பதிலாக நல்ல மதிலும் வரைந்திருந்தேன்.

வசந்தி அக்கா படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பொட்டு எங்கை?"

கை தானாக நெற்றிக்குப் போனது. "நாங்க பொட்டு வைக்கிறதில்ல அக்கா..."

வயிறு குலுங்கச் சிரித்தார். "அட கடவுளே! உன்ரை நெத்தியிலை இல்லையடி, வேலியிலை! பக்கத்து வீட்டு மலர் கிணத்தடிக்கு வாற பொட்டு. உந்த மதிலைக் கட்டினா அவள் றோட்டாலை சுத்தியோ வாறது?"

வேலியில் ஆள் நுழையும் இடைவெளிக்கு அங்கே பொட்டு என்று பெயராம்! அந்த இடத்திலேயே குந்தியிருந்து படத்தில் மதிலை அழித்துப் பொட்டோடு வேலியை வரைந்தேன். மலர் அக்காவும் பொட்டாலேயே வந்து பார்த்துவிட்டு, "ஓம், இப்ப சரி" என்றார். இரண்டு சம்மதமும் கிடைத்துவிட்டது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். அளவு நாடாவை விரிக்குமுன் யார் எந்த வழியால் நடக்கிறார்கள் என்று கேளுங்கள்.

புறப்படும்போது முன்வாசல் படலையைத் திறக்கப் போனேன்.

"எங்கை போறாய்?" என்று கத்தினார் வசந்தி அக்கா. "படலை வெளியாக்களுக்கு. நீ பொட்டாலை போ, பஸ்ஸுக்குக் கிட்ட."

முக்காட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நுழைந்தேன். அந்தப் பக்கம் போய்த்தான் அழுதேன்.