கன்னியம்மாவின் நம்பர்

காலை 6.10. செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்திலிருந்து மாமல்லபுரம் பஸ் கிளம்பியது. முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் டிக்கெட் செலவு இல்லை. ஸ்டெல்லா என் பள்ளித்தோழி. எச்.ஐ.வி. உள்ளவர்களை அரசு மருத்துவமனைக்கு அழைத்துவந்து மாத்திரை வாங்கிக் கொடுப்பது அவள் வேலை. இன்று மாசி மகம். எந்தக் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தாலும் இருளர்கள் இன்றைக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். அதை நம்பித்தான் கன்னியம்மா என்ற பெண்ணைத் தேடிப் போகிறோம். மூன்று மாதமாக அவள் மாத்திரை வாங்க வரவில்லை.

"கடலாட்டமா?" என்றார் கண்டக்டர்.

"ஒருத்தரத் தேடிப் போறோம்."

"அவ்ளோ ஜனத்துல எங்கம்மா தேடுவீங்க? ஒரு போன் போட்டா முடிஞ்சிடுச்சு."

கன்னியம்மாவின் நம்பர் என்று ஆஸ்பத்திரியில் எழுதியிருப்பது என்னுடைய நம்பர்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் கடப்பாக்கம் பக்கத்தில் ஒரு சவுக்குத் தோப்பில் ஏதோ ஒரு தனியார் குழு ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தியது. படிவத்தில் போன் நம்பர் கேட்டிருந்தது. மரம் வெட்ட வந்த பதினான்கு பேரில் ஒருவரிடமும் போன் கிடையாது. முகாம்காரர்கள் புத்திசாலிகள், பதினான்கு படிவத்திலும் மேஸ்திரியின் நம்பரை எழுதினார்கள். முடிவு வந்ததும் அவனையே கூப்பிட்டு, கன்னியம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார்கள். நோயின் பெயரைச் சொல்லவில்லையாம், பெரிய தர்மவான்கள்! எந்த அறைக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்; அது எச்.ஐ.வி. அறை என்பது ஊருக்கே தெரியும். மேஸ்திரிக்கு அது போதாதா? மறுநாள் அவளுடைய சட்டி பானை ரோட்டில் கிடந்தது. புருஷனும் அன்றைக்கே கையை உதறிக்கொண்டு போய்விட்டான்.

ஸ்டெல்லா அவளைக் கண்டுபிடித்து மாத்திரை ஆரம்பிக்க வைத்தாள். அங்கேயும் நம்பர் கேட்டார்கள். கூடப் போயிருந்த நான், "என் நம்பரைப் போடுங்க" என்றேன். பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக அப்போது நினைப்பு. அவள் வேலை தேடி ஊர் மாறிப் போனபின், நினைவூட்டும் குறுஞ்செய்தி மட்டும் மாதாமாதம் தவறாமல் என்னைத் தேடி வருகிறது.

7.25. மாமல்லபுரம். இட்லி, வடை, காபி ஆளுக்கு அறுபது ரூபாய். கடற்கரை நெடுகப் புடவைகளைக் கழியில் கட்டிக் கூடாரம் போட்டிருந்தார்கள். மணலைக் குவித்து ஏழு படிக்கட்டு அமைத்து, பூவும் பொரியும் தேங்காயும் வைத்து அம்மனை அழைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஓரத்தில் வரிசையாகக் கல்யாணம், காதுகுத்து, மொட்டை. சுற்றுலா வந்தவர்கள் கேட்காமலே படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு மனைப்பட்டாவும் சாதிச் சான்றிதழும் இருக்கும் என்று யோசித்தேன். கோபம்தான் வந்தது.

ஒன்பது மணிக்கு அவளே எங்களைப் பார்த்துவிட்டாள். அடுப்படியிலிருந்து எழுந்து, ஒதுக்கி நிறுத்தியிருந்த படகுகளுக்குப் பின்னால் வரச் சொல்லிச் சைகை காட்டினாள். போன வருடம் பார்த்ததில் பாதி உடம்புதான் இருந்தது.

"எங்க ஜனம் பாக்குதுக்கா. அக்கா பொண்ணு கல்யாணம் இன்னிக்கு. தெரிஞ்சா என் கையால யாரும் சோறு துன்ன மாட்டாங்க."

"மாத்திரை?" என்றாள் ஸ்டெல்லா.

"தீந்துபோச்சு. இப்ப அச்சிறுபாக்கம் தாண்டி உள்ள, மரத்த எரிச்சுக் கரி போடற மூட்டத்துல கீறோம். லீவு கேட்டா இன்னாத்துக்குன்றான் மேஸ்திரி. இன்னான்னு சொல்றது? போன தபா நான் வாயே தொறக்கல, அதுக்கே தொரத்துனானுங்க."

பஸ் இலவசம், மாத்திரை இலவசம். ஒரு நாள் லீவுதான் இவளுக்குக் கிடைக்காத பொருள்.

இந்த நோய் யாரிடமிருந்து வந்திருக்கும் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். கன்னியம்மா என்னை நேராகப் பார்த்தாள்.

"கட்டுனவனா, தோப்புக் கொட்டாயில படல் கதவத் தள்ளிகினு ராத்திரில வந்தானே அந்த மேஸ்திரியா, எனக்கு எப்டிக்கா தெரியும்? எல்லாரும் என்னியே கேக்குறீங்க. அவனுங்கள ஒருத்தராவது கேட்டீங்களா?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்டெல்லா ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். மூன்று மணிக்குள் ஆள் வந்தால் இன்றைக்கே ரத்தம் பார்த்து மாத்திரை தருவதாகச் சொன்னார்கள். "தாலி கட்டுனதும் வரேன், இங்கியே நில்லுங்க," என்றாள் கன்னியம்மா. முதல்முறையாகச் சிரித்தாள்.

11.40. தாலி ஏறியது. அவள் கையைக் கழுவிக்கொண்டு எங்களை நோக்கி நாலடி வைத்திருப்பாள். ரோட்டில் ஒரு மினி லாரி விடாமல் ஹாரன் அடித்தது. புது மேஸ்திரி. திருவிழாவுக்கு என்று எல்லோரையும் சாயங்காலம் வரை விட்டிருந்தவன், லோடு அவசரம் என்று மதியமே வந்துவிட்டான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். கூடாரங்களை அவிழ்த்துக்கொண்டு ஒவ்வொருவராக ஏறினார்கள்.

ஸ்டெல்லா லாரியை நோக்கி ஓடப் பார்த்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். போய் அவனிடம் என்ன சொல்வது? எதற்காக அவளை விடச் சொல்கிறோம் என்று கேட்பானே. கன்னியம்மா எங்களைத் தெரியாதவள் மாதிரித் திரும்பி நடந்தாள். லாரி போகும்வரை நாங்கள் இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க வந்தவர்களாகவே நின்றோம். காரணம் சொல்லாமல் கூப்பிட்டிருக்கலாமோ, ஏதாவது பொய் சொல்லியிருக்கலாமோ என்பதெல்லாம் லாரி மறைந்தபின் தோன்றியது.

1.15 பஸ். மூன்று பேர் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தோம். ஸ்டெல்லா அழுதாள். எனக்கும் சர்க்கரைக்குத் தினம் மாத்திரை உண்டு. வீட்டு வாசலுக்கே வந்துவிடும். ஒரு நாள் தாமதமானால் கடைக்காரரைப் போனில் பிடித்துத் திட்டுவேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது என் போன் ஒலித்தது. "கன்னியம்மா, நீங்கள் மாத்திரை வாங்க வர வேண்டிய தேதி கடந்துவிட்டது" என்று இருந்தது. படித்துவிட்டு வைத்துக்கொண்டேன்.