மூன்றாம் சிலிண்டர்

"மிதி! அடிவரைக்கும் மிதி! காலுல முள்ளா குத்திக்கினு இருக்குது?"

ஸ்டியரிங்கின் பின்னால் யார் உட்கார்ந்தாலும் சிட்டிபாபு இப்படித்தான் கத்துவார். இஞ்சினின் நான்கு பிளக்குகளையும் கழற்றி, சிலிண்டரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு துளையிலும் மாற்றி மாற்றி அழுத்திப் பிடிப்பார். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்காவிட்டால் உள்ளே காற்று போதாது. முள் குறைத்துக் காட்டும்.

சித்தூரில் காட்பாடி சாலையில் அவர் ஷெட், பின்கட்டில் வீடு. கோபம் இரண்டுக்கும் பொது. குழம்பில் உப்பு கூடினாலும் ஸ்பானர் இடம் மாறினாலும் ஒரே குரல்தான். கேஜை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார், ஈரம் படாதாம். மனைவி தாட்சாயணி தினமும் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் அரிசி அளக்கிறாள்.

"நம்பரு பெரிசா இருந்தா நல்ல வண்டின்னு எவன் சொன்னான்? நாலும் பக்கம் பக்கமா நிக்கணும். ஒண்ணு மட்டும் எறங்கினா அதுக்குத்தான் நோவு."

இறங்கிய சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் திரும்பப் பார்ப்பார். முள் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வில் கோளாறு.

போன வாரம் தாட்சாயணியின் அண்ணன் தணிகாசலம் தன் பழைய மாரிஸ் காருடன் வந்தார். மாநில எல்லையை மாற்றும்போது அவர் ஊர் மெட்ராஸோடு போய்விடும் என்று பேச்சு. போனால் டாக்ஸி பர்மிட் என்னாகுமோ என்று விற்க அவசரப்பட்டார். வாங்க வந்தவர் ஏர்பேட்டு ரங்கன். அடுத்தவன் லாரியை ஓட்டியே அலுத்து, இருந்த ஒரே நிலத்தை விற்றுவிட்டு, தாம்பூலத் தட்டோடு வந்திருந்தார்.

"காணிப்பாக்கம் புள்ளையார் எதிர்ல உங்க மச்சான் கற்பூரம் அணைச்சி சொல்லிட்டாருங்க, வண்டி நல்ல வண்டின்னு."

"புள்ளையாரா வந்து இஞ்சின பார்த்தாரு? நீ ஏறி மிதி."

நான்கும் நூற்றைம்பதைத் தொட்டன. ரங்கனின் முகம் மலர்ந்தது. சிட்டிபாபுவின் முகம் கறுத்தது.

"பழைய வண்டி. புது இஞ்சினே இவ்ளோ காட்டாது."

துளைக்குள் விரலை விட்டு முகர்ந்தார். பிளக்குகளைப் பூட்டி, அவரே வண்டியை எடுத்துக்கொண்டு போய், வெள்ளைப் புகை நிற்கும்வரை ஓட்டிவிட்டு வந்தார். திரும்ப கேஜ் வைத்தபோது மூன்று சிலிண்டர்கள் நூற்றுப்பத்துக்கு வந்திருந்தன. மூன்றாவது மட்டும் ஐம்பத்தைந்தில் நின்றுவிட்டது.

"வெளக்கெண்ணெய ஊத்திக்கினு வந்தியா, மச்சான்? தேஞ்ச ரிங்க எண்ணெய் எத்தினி நாழி மறைக்கும்? நெலத்த வித்துட்டு வந்துகிறான் இவன். நாலு தபா மலை ஏறினா நடுத்தெருவுல நிப்பான்!"

"மெல்ல பேசு மாப்ளே. தங்கச்சி காதுல வுழப்போவுது."

"வுழட்டும்! அவ பொறந்த வூட்டு லட்சணம், அவளும் கேக்கட்டும்!"

ரங்கன் தட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். அவர் சாலையைத் தாண்டும்வரை காத்திருந்து, தணிகாசலம் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"போறான் வுடு. திருப்பதியில வேற ஆளு பார்த்துக்கிறேன். பிளக்க மாட்டிக் குடு."

தாட்சாயணி காப்பித் தம்ளருடன் வாசலுக்கு வந்திருந்தாள். "எங்க அண்ணன் போவட்டும், வுட்டுடுங்க."

சிட்டிபாபு பிளக்குகளை மாட்டினார். பிறகு உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்தார். மூன்றாம் சிலிண்டருக்கு நேர் மேலே, இஞ்சினை மூடும் ஹெட்டின் இரும்பில், ஐம்பத்தைந்தின் முதல் ஐந்தைச் செதுக்கத் தொடங்கினார். "ஏய், என் வண்டிடா!" என்று தணிகாசலம் பாய்ந்து வந்து தோளைப் பிடித்து இழுத்தார். தாட்சாயணியின் கையில் காப்பி தளும்பிக் கொட்டியது. தோளை உதறிக்கொண்டு, சிட்டிபாபு இரண்டாவது ஐந்துக்கு உளியை நகர்த்தி வைத்தார்.