எங்கள் வீட்டு டீயும் செயலாளரின் உபவாசமும்

எங்கள் சபைச் செயலாளரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நான் மனம் உருகி அழுதேன் என்று யாரும் எதிர்பார்த்துப் படிக்க வேண்டாம்.

விளாங்குடியில் எங்கள் சபைக்கு வியாழக்கிழமை மாலை வீட்டு ஜெபம். வாரம் ஒரு வீடு. முறை வருகிற வீட்டில் பாய் விரித்து, பாடி, வேதம் வாசித்து, ஜெபம் முடிந்ததும் டீயும் ஏதாவது பலகாரமும் கொடுப்பார்கள். அதைக் குடித்துவிட்டுத்தான் கலைவது வழக்கம். எங்கள் வீட்டு முறை வந்தால் மட்டும் செயலாளருக்கு உபவாசம் வந்துவிடும்.

அவர் ஓய்வு பெற்ற வாத்தியார். நான் போர்வெல் மோட்டார் மெக்கானிக். மேலூர்ப் பக்கத்து ஆள். என் அப்பா அடுத்தவன் வயலில் கூலிக்குக் கதிர் அறுத்தவர். செயலாளர் சாதி வேறு, என் சாதி வேறு. கோயிலில் திருவிருந்தில் திராட்சரசம் குடிக்க எல்லாருக்கும் ஒரே கிண்ணம்தான். ஆனால் அவர் குடும்பம் எப்போதும் முதல் வரிசையில் போய் முழங்கால் போட்டுவிடும். கிண்ணம் எங்கள் உதட்டுக்கு வருவதற்குள் குடித்து எழுந்து போயிருப்பார்கள். அதைப் பக்தி என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் எங்கள் முறை வந்தபோது என் மனைவி சுண்டல் தாளித்து, இஞ்சி தட்டிப் போட்டு டீ கொண்டுவந்தாள். செயலாளர் தட்டைப் பார்த்துக் கை கூப்பினார்.

“தோத்திரம் சிஸ்டர். இன்னைக்கு உபவாசம்.”

அவர் எடுக்காததைப் பார்த்து மற்றவர்களும் எடுக்கவில்லை. ஒருத்தருக்கு சுகர், ஒருத்தருக்கு வயிறு சரியில்லை. எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் பால் பாக்கெட் வாங்க மெயின் ரோட்டுக்குப் போனேன். டீக்கடையில் செயலாளர் நிற்கிறார். ஒரு கையில் டீ, மறு கையில் உளுந்த வடை. என்னைப் பார்த்ததும் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினார்.

“உபவாசத்த முடிச்சாச்சு பிரதர்.”

வீட்டுக்கு வந்தேன். டம்ளர்களில் டீ ஆடை படிந்து நின்றது. மனைவி ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததைச் சொன்னேன். கொட்டுவதை நிறுத்தாமலேயே சொன்னாள்.

“இனி எந்த வீட்டு ஜெபத்துக்கும் நான் வாரதா இல்ல. நீங்க போறதுன்னா போங்க.”

எங்கள் சபையில் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவள் அவள்தான். அவள் ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் சுருதி பிடிப்பார்கள். அன்றைக்கு வாயை மூடியவள் சமையல்கட்டில்கூடப் பாடவில்லை. அவள் குரலை அடைத்தவன் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று ஆண்டவரிடமே சொன்னேன். ஜெபம் என்று அதைச் சொல்ல முடியாது. மிரட்டல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் பகையாளிக்குத் தண்ணீர் கொடுப்பதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். கொடுத்தால் அவன் தலையில் தணலைக் குவித்த மாதிரி ஆகுமாம். அரை மணி நேரம் பேசினார். எனக்குள் இறங்கியது தணல் மட்டும்தான்.

சித்திரை வெயிலில் செயலாளர் வீட்டு மோட்டார் நின்றுபோனது. போன் வந்தது.

“பிரதர், நாளைக்கு மகளுக்கு நிச்சயதார்த்தம். வீடு பூரா சொந்தக்காரங்க. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. வேற ஆளுக யாரும் வர மாட்டேங்கிறாங்க.”

வெயில் காலத்தில் எந்த மெக்கானிக்கும் சும்மா இருக்க மாட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. போனைப் பொத்திக்கொண்டு மனைவியிடம் சொன்னேன்.

“முதல்ல இங்க வந்து உக்காந்து டீ குடிக்கட்டும். பொறவுதான் மோட்டார்.”

அவள் என்னை முறைத்தாள்.

“தண்ணிக்காக ஒருத்தர் குடிக்கிற டீய நான் போட மாட்டேன். அம்புட்டு மட்டமாவா போயிட்டேன்? போய் வேலையப் பாருங்க.”

போனேன். வேண்டா வெறுப்பாகத்தான் போனேன். நானும் என் உதவிப் பையனும் குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே இழுத்தோம். மோட்டாருக்குள் காயில் கம்பி எரிந்து கருகியிருந்தது. கடைக்குக் கொண்டுபோய் வேறு மோட்டாரை எடுத்துவந்து இறக்கினேன். சாயங்காலம் மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் கை தட்டினார்கள். நான் பிடித்து இறக்கிய குழாயில் வந்த தண்ணீரில் அத்தனை பேரும் முகம் கழுவினார்கள், வாய் கொப்பளித்தார்கள், குடித்தார்கள். அதற்கு யாருக்கும் உபவாசம் இல்லை.

செயலாளரே ஒரு டம்ளரில் காபி கொண்டுவந்தார். பேப்பர் கப் இல்லை, வீட்டு டம்ளர்தான். முந்தின நாளே வந்து இறங்கியிருந்த சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“குடிங்க பிரதர், களைச்சுப் போயிட்டீங்க.”

“தோத்திரம் சார். இன்னைக்கு உபவாசம்.”

அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். டம்ளரைப் பிடித்தபடியே நின்றார். எதிரில்தான் டீக்கடை. நேராகப் போய் டீயும் வடையும் வாங்கினேன். அவர் வாசலைப் பார்த்து நின்று, நிதானமாக மென்று தின்றேன்.

வீட்டில் வந்து சொன்னதும் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கேட்டாள்.

“நம்ம முறை எப்ப வருது?”

வந்தது. பாய் விரித்தோம். எல்லாரும் உட்கார்ந்ததும், பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே அவள் டீத் தட்டோடு நடுவில் வந்து நின்றாள்.

“இன்னைக்கு டீ முதல்ல, ஜெபம் பொறவு. உபவாசம் இருக்கறவங்க கையத் தூக்குங்க. மிச்சப் பேருக்கு ஊத்துறேன்.”

“என்ன சிஸ்டர், அட்டெண்டன்ஸா எடுக்கறீங்க?” என்று ஒரு அம்மா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் என்னைப் பார்த்தார். நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தூக்கினால் வடைக் கதை அந்த இடத்திலேயே வெளியே வரும் என்று அவருக்குத் தெரியும். சொல்லத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள், தூக்குய்யா கையை, தூக்கு என்று வேண்டிக்கொண்டுகூட இருந்தேன்.

ஒரு கையும் எழும்பவில்லை.

அவள் முதல் டம்ளரை அவரிடம்தான் நீட்டினாள். வாங்கினார். ஊதினார். குடித்தார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது. மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

“சீனி கொஞ்சம் தூக்கல்,” என்றார் மெதுவாக.

“எங்க வீட்ல இப்படித்தான் சார்.”

டம்ளர் காலியாகும்வரை அவள் அங்கேயே நின்றாள். காலியானதும் கையில் வாங்கிக்கொண்டு, பாயில் வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிப் பாட்டை எடுத்தாள்.