சீலவதி வாசலில் சிவப்புச் சொட்டு

ஹீன்பண்டாவுக்கும் பக்கத்து வீட்டுச் சீலவதிக்கும் ஆகாது என்பது மாவனல்லையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். காரணம் ஒரு சந்து. பெரிய வீதியிலிருந்து ஹீன்பண்டாவின் வீட்டுக்குப் போகிற அந்த வழி சீலவதியின் காணிக்குள் ஓடுகிறது. அவள் அப்பன் வாய் வார்த்தையாக விட்ட வழி. அந்த மனிதர் கண்ணை மூடியதும் மகளுக்கு மதில் கட்டும் ஆசை வந்துவிட்டது.

மதில் எழும்பினால் ஹீன்பண்டாவின் பிழைப்பு போச்சு. அவர் பிழைப்பே ஒரு பழைய வெள்ளைக் கார்தான். கல்யாணப் பெண்ணை நல்ல நேரத்தில் ஏற்றி, நல்ல நேரம் தப்பாமல் இறக்கிவிட அவரை விட்டால் ஆள் இல்லை என்று பேர் வாங்கியிருந்தார். வாய்தான் விஷம். வண்டி பேச வருகிறவர்களிடமே எரிந்து விழுவார். சீலவதியிடம் கேட்க வேண்டுமா?

"இந்தக் கிழட்டு வண்டிப் புகையைக் குடிச்சுக் குடிச்சே என் நெஞ்சு போச்சு. வெசாக் பண்டிகை முடியட்டும், கல்லு இறக்குறேன் பாரு" என்று அவள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாள்.

"இறக்கு, இறக்கு. கொத்தனார்கிட்ட சொல்லி உன் வாயையும் சேர்த்துப் பூசச் சொல்லு" என்பார் இவர்.

பேச்சுக்குத்தான் அது. கோர்ட்டுக்குப் போனால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

அந்த நேரத்தில்தான் வண்டி ஒழுக ஆரம்பித்தது. சந்து குறுகல். பின்னால் எடுத்து, சீலவதியின் வாசலுக்கு நேராக நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரே பக்கமாக முழுக்க ஒடித்தால்தான் வீதிக்குத் திரும்ப முடியும். அப்படி ஒடிக்கும்போது ஸ்டியரிங் எண்ணெய்க் குழாயில் அழுத்தம் ஏறி, மூட்டு வழியாக நாலு சொட்டு விழும். நல்ல குங்குமச் சிவப்பு. சீலவதியோ விடிவதற்குள் வாசல் மணலைக் கூட்டி, ஈர்க்குமாற்றால் கோடு கோடாக இழுத்து வைக்கிறவள். கூட்டிய மணலில் அந்தச் சொட்டைப் பார்த்தவள் அன்று கத்தவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

ஹீன்பண்டா வைத்த செய்வினை என்று முடிவு கட்டிவிட்டாள். மந்திரவாதி வந்தான், எலுமிச்சம்பழம் வெட்டினான், அவள் பேத்தி கையில் தாயத்துக் கட்டினான். மறுநாளும் சொட்டு விழுந்தது. வெசாக் முடிந்தும் கல் இறங்கவில்லை. வேலி தாண்டி எல்லாம் ஹீன்பண்டா காதுக்கும் வந்தது.

ஹீன்பண்டா வண்டியைத் தனக்குத் தெரிந்த மெக்கானிக் ரொஷானிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"சின்ன வேலை அண்ணே. மூட்டுல ரப்பர் தேஞ்சிருக்கு. இப்பவே மாத்திடுறேன், இருங்க."

"வேணாம்டா. எண்ணெய் மட்டும் குடு."

"ஒழுகிக்கிட்டே இருக்குமே?"

"ஒழுகட்டும்."

அன்றிலிருந்து காலையில் சாமி கும்பிடுகிறாரோ இல்லையோ, எண்ணெய் ஊற்றத் தவறமாட்டார். அவள் வாசலில் தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஜன்னல் திரை ஆடுவதைப் பார்க்க அவருக்கு அத்தனை சந்தோஷம். நல்ல மனிதர் செய்கிற காரியமா அது? இல்லை. அவர் நல்ல மனிதர் என்று நானும் சொல்லவில்லை.

"பாவங்க" என்றாள் அவர் மனைவி பொடிமெனிக்கே.

"நான் என்ன செஞ்சேன்? ஒரு வார்த்தை சொன்னேனா?"

பேத்திக்குக் காய்ச்சல் வந்தது. விடவில்லை. ஒரு நாள் சீலவதி, மன்னிப்புக் கேட்கிற முறைப்படி, வெற்றிலைக் கட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். அண்ணே என்று அவள் வாயிலிருந்து வந்ததே அன்றுதான் முதல் தடவை.

"வழியை எழுதியே குடுத்துடுறேன் அண்ணே. குழந்தை தாங்காது. வச்சதை எடுத்துடுங்க."

அது வெறும் எண்ணெய் என்று சொல்ல ஹீன்பண்டாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் நாளைக்கே மதில் எழும்பும். கை நீட்டி வெற்றிலையை வாங்கிக்கொண்டார்.

பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு முன்னால் சந்து அவர் பேருக்கு எழுதியாயிற்று. அப்புறம்தான் ரப்பரை மாற்றினார். சொட்டு நின்றது. காய்ச்சலும் அது பாட்டுக்கு இறங்கியது. அவர் செய்வினைக்காரர் என்று நம்ப ஊருக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அடுத்த கல்யாண மாதத்தில் அவர் வீட்டுப் படியை யாரும் மிதிக்கவில்லை. பேசி வைத்திருந்தவர்களும், மாப்பிள்ளை வீட்டிலேயே வண்டி வருதாம் என்று நழுவினார்கள். எதிரே வருகிறவர்கள் பிள்ளைகளை மறுபக்கம் இழுத்துக்கொண்டார்கள். போகட்டும் கழுதைகள் என்று இவர் திட்டித் தீர்த்தார். தங்கை யசவதி மகளின் கல்யாணம் இருக்கிறதே, அதற்கு இந்த வண்டி போனால் ஊர் வாய் தானாக அடைபடும் என்று நம்பியிருந்தார். அதுவும் வேறு வண்டிக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் நேரே தங்கை வீட்டுக்குப் போய்க் குதித்தார்.

"கூடப் பிறந்தவ நீயுமா நம்புற? செய்வினையுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. ஸ்டியரிங் எண்ணெய்டி! ரப்பர் தேஞ்சு ஒழுகிச்சு. ரொஷானைக் கேளு!"

பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்த யசவதி கையை நிறுத்தினாள்.

"எண்ணெய்தானா?"

"புத்தர் மேல சத்தியமா."

"அது முன்னாடியே உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? நான்தானே தினம் ஊத்தினேன்!"

யசவதி சல்லடையைக் கீழே வைத்தாள்.

"எண்ணெய்னு தெரிஞ்சே அந்தப் பொம்பளையை உன் முன்னாடி வெற்றிலையோட வந்து நிக்க விட்டியா? செய்வினை செஞ்சிருந்தாக்கூடத் தேவலாம் அண்ணே. அதுக்காவது பரிகாரம் இருக்கு. நீ கல்யாணத்துக்கு வா, சாப்பிடு. என் பொண்ணு உன் வண்டியில ஏற மாட்டா."