செல்லம்மாக்காவின் போணி

இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது பால்காரர் வந்து சொன்னார்: "கீரைக்காரச் செல்லம்மாக்கா தவறிட்டாங்கம்மா." கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஜாசின் பாசாரில், இந்தச் சந்தை முழுக்க, அவர் வாயில் விழாதவர்கள் நம்மில் யார்? திட்டு வாங்கிய அத்தனை பேரும் அவர் வாசலில் அழுதுகொண்டு நின்றோம்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் கணக்குத் தீர்த்து எங்களை அனுப்பிய காலம் உங்களுக்கு மறந்திருக்காது. பாதிப் பேர் தாய்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். மீதிப் பேர் தெரிந்ததை வைத்துக் கடை போட்டோம். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தார். இருந்த கடைசி அரிசியை ஊறப்போட்டு நான் இட்லிக்கடை வைத்தேன். விற்றால்தான் மறுநாள் உலை.

முதல் ஆளாக வந்து நின்றவர் செல்லம்மாக்கா. வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. "ரெண்டு இட்லி வை, புள்ள." என் மாமியார் அவர் காதுபடவே, "தாலியறுத்தவ போணியா? வெளங்கினாப்லதான்!" என்றார். அக்கா அசையவில்லை.

"விக்கலைன்னா என் தலையில போடு. வித்துச்சுன்னா அது உன் கைப்பக்குவம். சட்னியில உப்பு இல்ல."

அன்று மழை கொட்டியது. பாதி இட்லி மிஞ்சிவிட்டது. மாமியார் ஊரறிய அக்காவைத் திட்டித் தீர்த்தார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அந்தத் தெம்பில், விற்ற காசுக்கு அரிசி வாங்கி மறுநாளும் அடுப்பு மூட்டினேன். மறுநாளும் முதலில் வந்தவர் அவரே. "நேத்து என்னாலதான் விக்கலையாமே? இன்னிக்காவது உப்பு போட்டியா?"

புதுக்கடை எது போட்டாலும் முதல் வியாபாரம் அவருடையதுதான். ஓடாத கடைகளின் பழியெல்லாம் அவர்மேல் விழுந்தது. கேட்டால், "கீரைக் கூடை சுமக்குற தலை, இதையும் தாங்கும்லா" என்பார். பிழைத்துக்கொண்ட நாங்கள் அவருக்கு நன்றி சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் திட்டியிருப்பார். அந்த வாயை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன வருஷம் என் வீட்டுக்காரர் தவறியதிலிருந்து, இந்த வெறும் நெற்றியோடு காலை வேளையில் புதுக்கடைகள் பக்கம் நான் போவதில்லை. சுற்றிக்கொண்டுதான் போவேன். அக்காவை அனுப்பிவைத்த மறுநாள், பாசாரில் ஒரு புதிய கடலைக்கடை. தோட்டத்திலிருந்து வந்த சின்னஞ்சிறு பெண்ணும் அவள் கணவனும் போணியாகாமல் நின்றார்கள். இனி வர அக்கா இல்லை. நேரே போய்க் காசோடு கையை நீட்டினேன். அந்தப் பெண் என் நெற்றியைப் பார்த்துத் தயங்கினாள்.

அக்காவிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டதை அன்றுதான் முதல்முறை வெளியே எடுத்தேன்.

"கடலை நமுத்திருக்கு, புள்ள. விக்கலைன்னா என் தலையில போடு."