இருபத்து நான்கு படிகளுக்கான பயிற்சி

அந்த மாசி மாதம் என் மகளுக்கு ஒன்பது வயது முடிந்தது. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய இரண்டு கால்களும் சூம்பிப்போயிருந்தன. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு தெரு தூரம். தச்சர் செய்து கொடுத்த நாலு சக்கரப் பலகையில் அவளை உட்கார வைத்து, தினமும் நானே தள்ளிக்கொண்டு போய் நாலாம் வகுப்பு வாசலில் விடுவேன். பிறகு கீழமாசி வீதியில் நான் வேலை பார்த்த தானிய மண்டிக்குப் போவேன். இதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்பு மாடியில் இருந்தது.

தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். நல்ல மனுஷி. சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இங்க இருக்கவுக எல்லாம் பொம்பளைக. யாரும் தூக்கி ஏற முடியாது. நீங்க தூக்கிட்டு வந்து விட்டா எனக்கு ஒண்ணுமில்ல. முடியாட்டி இன்னொரு வருஷம் நாலாம் வகுப்புலயே இருக்கட்டும்."

வீட்டில் இதைச் சொன்னபோது மகள் கேட்டாள்: "படிச்சதையேவாப்பா திரும்பப் படிக்கணும்?" நாலாம் வகுப்புப் பாடப் புத்தகம் அவளுக்கு அட்டையிலிருந்து அட்டை வரை மனப்பாடம்.

மறுநாள் மாடிப்படிகளை எண்ணினேன். இருபத்து நான்கு. வெறுங்கையோடு ஏறிப் பார்த்தேன். கடைசி நாலு படிகளுக்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகளை மண்டிக்கு அழைத்துப் போய் மேடைத் தராசில் நிறுத்தேன். நாற்பத்தேழு ராத்தல். எனக்கு அப்போது வயது நாற்பத்து நாலு. பத்தொன்பது வருஷமாக ஒரே பலகையில் சம்மணம் போட்டு, அளந்து போடும் தானியத்தைக் குறித்துக்கொண்டிருந்தவன். பள்ளிக்கூடம் திறக்க நூற்றுப் பதினோரு நாள் இருந்தது.

வைகைக் கரையில் மல்யுத்தம் பழகுகிற கோதா ஒன்று இருந்தது. விடியற்காலையில் அங்கே போய் நின்றேன். மண்ணைக் கொத்திவிட்டுக்கொண்டிருந்த பயில்வான் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வயசுண்ணே?"

சொன்னேன்.

"இம்புட்டு நாளா என்ன செஞ்சீக?"

"மண்டியில எழுதிக்கிட்டிருந்தேன்."

"அப்ப மூணு விரலு மட்டும் நல்லா இருக்கும்."

கேலி செய்தாலும் இரண்டு பயிற்சிகளைக் காட்டிக் கொடுத்தார். கைகளை ஊன்றி உடம்பைத் தாழ்த்தி எழுகிற தண்டால். குந்திக் குந்தி எழுகிற பஸ்கி. இது இரண்டும் போதும், ஆனால் ஒருநாளும் விடக்கூடாது என்றார். இன்னொன்றும் சொன்னார்: "தம் கட்டிச் செய்யணும். எண்ணிக்கை மனசுக்குள்ள. வாயத் திறந்தீகன்னா பலம் வெளிய போயிரும்."

முதல் நாள் பஸ்கி எட்டு, தண்டால் ஒன்றரை. நாட்குறிப்பில் ஒன்றரை என்றுதான் எழுதினேன். இரண்டாவது தடவை இறங்கினேன், எழவில்லை.

என் உடம்பைப் பற்றி எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. வலி அன்றைக்கு வரவில்லை, மூன்றாம் நாள் வந்தது. வலது தொடையில் முதலில், இடது தொடையில் ஒருநாள் கழித்து. ஒரே வேலையைச் செய்த இரண்டு கால்களுக்கு ஏன் இந்த வித்தியாசம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இரண்டாவது வாரம் சம்மணத்திலிருந்து கையூன்றாமல் எழுந்தேன். அதைப் பார்த்தவர் யாரும் இல்லை, ஆனாலும் குறித்து வைத்தேன். நூற்றுப் பதினோரு நாளில் மூன்று நாள் மட்டும் தவறியது. இரண்டு நாள் காய்ச்சல். ஒருநாள் அழகர் ஆற்றில் இறங்க வந்தபோது, அலங்காநல்லூர்ப் பக்கத்து உறவினர்கள் பதினாறு பேர் வீடு முழுக்கப் படுத்திருந்தார்கள். தண்டால் எடுக்க இடம் இல்லை.

சித்திரை முடிவில் பஸ்கி நாற்பது, தண்டால் பன்னிரண்டு. பரீட்சை செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. மண்டியின் மேல்தளத்துக்குப் பதினெட்டுப் படி. துவரம்பருப்பை ஐம்பது ராத்தல் நிறுத்து, சாக்கில் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மகள் வளர்ந்திருப்பாள் என்று மூன்று ராத்தல் கூட்டிக்கொண்டேன். பதினோராம் படியில் கண் இருட்டியது. சாக்கைப் படியில் சாய்த்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

கால் வலிக்கவில்லை. முதுகும் வலிக்கவில்லை. நாற்பது பஸ்கி போடுகிறவனால் பதினோரு படிக்கு மேல் ஏற முடியவில்லை என்றால் தவறு எங்கே? திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் திறக்க இருபத்தைந்து நாள்தான் இருந்தது.

கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் மூட்டை தூக்குகிற ஆள். வில்லாபுரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"அண்ணே, மூச்ச எங்க வச்சீக? சாக்குக்குள்ளயே கட்டிட்டீகளா?"

"தம் கட்டித்தான் ஏறணும்னு சொன்னாக."

"யாரு?"

"பயில்வான்."

"அவரு ஒரு ஆளத் தூக்கி ஒரு தடவ போடுவாரு. நாங்க ஒரு நாளைக்கு எம்புட்டு மூட்ட ஏத்துறோம்? தம் கட்டுனா சாயங்காலத்துக்குள்ள எங்களத்தான் ஏத்தணும். அளக்குறவரப் பாருங்கண்ணே. வாய் நிக்குதா?"

பத்தொன்பது வருஷமாக அளப்பவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அறுபது வயதுக்கு மேல், ஒல்லியான மனிதர். குவியலில் மரக்காலை அமுக்கி நிரப்பி, தூக்கிச் சாக்கில் கொட்டும்போது எண்ணிக்கையைப் பாட்டுப்போல இழுத்துச் சொல்வார். மண்டி வழக்கப்படி ஒன்று என்று தொடங்க மாட்டார், "லாபம்" என்பார். பிறகு "ரெண்டேய்... மூணேய்..." அவர் சொல்ல நான் கோடு போடுவேன். அந்தக் குரல் எனக்காக, கணக்கு தவறாமல் இருப்பதற்காக என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

அன்று பிற்பகல் முழுக்க அவருடைய வாயைக் கவனித்தேன். மரக்கால் தூக்கும் நேரத்தில்தான் குரல் வந்தது. குனியும்போது தானாக மூச்சு உள்ளே போனது. பாரத்தின் உச்சியில் அவரிடம் அடைத்த மூச்சு ஒருமுறைகூட இல்லை.

வீட்டில் சோதித்தேன். தம் கட்டி இருபது பஸ்கி போட்டு, கடிகாரத்தை வைத்து நாடித் துடிப்பை எண்ணினேன். கால்மணி நேரம் கழித்து, அளப்பவரைப்போல உரக்கச் சொல்லி இருபது போட்டு எண்ணினேன். பதினான்கு துடிப்புக் குறைவு. நம்பாமல் அடுத்த நாளும் செய்தேன். முந்தினதை இரண்டாவதாகவும் இரண்டாவதை முதலாகவும் மாற்றி. பதினொன்று குறைவு.

அதன் பிறகு விடியற்காலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் "லாபம், ரெண்டேய்" என்ற சத்தம் கேட்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "என்ன அண்ணே, நெல்லு எத்தன கலம் வந்து எறங்கிருக்கு?"

"ஊரு முழிச்சுக்கிறதுக்குள்ள அளந்து முடிங்க," என்றாள் மனைவி. "இது வீடா மண்டியான்னு தெரியல." மகள் மட்டும் படுக்கையில் இருந்தபடியே கூடச் சேர்ந்து எண்ணினாள். நான் ஓர் எண்ணை விட்டுவிட்டால் திருத்துவாள்.

பதினைந்தாம் நாள் அதே பருப்புச் சாக்கோடு பதினெட்டுப் படியும் ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்ததும் மூட்டை தூக்குகிறவர், "இனிமே கூலிக்கு எங்களோட போட்டிக்கு வந்துராதீக," என்றார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று மகளுடைய எடை நாற்பத்தொன்பது ராத்தல். பலகையைப் படியடியில் நிறுத்தி, அவளை முதுகில் ஏற்றிக்கொண்டேன். சாக்கு கழுத்தைக் கட்டிக்கொள்ளாது, இவள் கட்டிக்கொண்டாள். அதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. "லாபம்" என்று தொடங்கியபோது குரல் கொஞ்சம் நெரிந்தது. கையைத் தோளுக்கு மாற்றச் சொல்லிவிட்டு ஏறினேன். மற்றப் பிள்ளைகள் ஒதுங்கி வழி விட்டார்கள். தலைமை ஆசிரியை கீழே நின்று பார்த்தார்.

பதினாறாம் படியில் மாடிப்படி திரும்புகிறது. அங்கே ஒரு ஜன்னல்.

"அப்பா, நில்லுங்க," என்றாள்.

கையை எங்கேயாவது இடித்துக்கொண்டாளோ என்று நினைத்தேன்.

"நம்ம தெருவா அது? ஓட்டு மேலல்லாம் இம்புட்டு புல்லு மொளச்சிருக்கு?"

இதுவரை எந்தத் தெருவையும் அவள் மேலிருந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எந்த வீடு யாருடையது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரிந்தவற்றைச் சொன்னேன். மூச்சு சீராகத்தான் இருந்தது. மேலே எட்டுப் படி பாக்கி. முதல் மணி அடித்தது. அடுத்த மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்படி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.