சிவப்புக் கோடு இல்லாத பதிவேடு

மலேசியாவின் கிள்ளானில் நான் வேலை பார்த்த தமிழ்ப்பள்ளியில், ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் தினமும் காலை ஏழரைக்கு ஒரு சிவப்புக் கோடு விழும். பழைய தலைமையாசிரியர் தம் கையாலேயே ரூலர் வைத்துக் கிழிப்பார். கோட்டுக்கு மேலே கையெழுத்துப் போட்டவர் நல்ல ஆசிரியர். கீழே போட்டவர் அவ்வளவுதான். என் வீடோ ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளி, செமினியில். ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினாலும் நெடுஞ்சாலை டோல் நெரிசலில் மாட்டினால் போச்சு. எத்தனை நாள் அந்தக் கோட்டுக்குக் கீழே குனிந்திருப்பேனோ! வீட்டுப் பக்கம் மாற்றல் கேட்டு மூன்று முறை மனுப் போட்டேன். "ஆள் இல்ல டீச்சர்" என்று மூன்றையும் தள்ளிவிட்டார். நானும் சளைத்தவள் இல்லை. ஒன்றரைக்கு மணி அடித்தால் ஒன்று முப்பத்தொன்றுக்கு என் கார் கேட்டைத் தாண்டியிருக்கும்.

அவர் ஓய்வு பெற்றுப் போனதும் ஓர் அம்மா தலைமைக்கு வந்தார். முதல் நாள் கோடு இல்லை. மறுநாளும் இல்லை. எல்லோரும் குஷியானார்கள். நான் மட்டும் கூரை மூலைகளை அண்ணாந்து பார்த்தேன்.

"கேமரா வச்சிருப்பாங்க லா," என்றேன் பக்கத்து மேசை டீச்சரிடம்.

"உங்களுக்கு நல்லது நடந்தாலே பிடிக்காது," என்று அவர் சிரித்தார்.

எப்படிப் பிடிக்கும்? அந்த அம்மா கேண்டீனில் என் எதிரிலேயே வந்து உட்காருவார். "செமினியிலருந்தா தினமும் வரீங்க? எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?" என்று கேட்பார். நேரத்தைச் சொன்னால் நாளைக்கு அதையே என் மேல் திருப்புவாரோ? "பரவால்ல டீச்சர், பழகிப்போச்சு," என்று மழுப்பிவிட்டு தட்டிலிருக்கும் மீ கோரிங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருப்பேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோடு போன பிறகு நான் மணி அடித்ததும் ஓடவில்லை. முதலாம் ஆண்டு வகுப்பில் நான்கு பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டவே வராது. அவர்களை உட்கார வைத்து மூன்று மணி வரை சொல்லிக்கொடுப்பேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. செய்கிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

பிறகு புதிய கால அட்டவணை வந்தது. ஐந்து நாளும் காலையில் என் கையில் இருந்த முதல் பாடம் வேறு ஆசிரியருக்குப் போயிருந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. "பாத்தீங்களா, சிரிச்சுக்கிட்டே கழுத்தறுத்துட்டாங்க!" என்று ஆசிரியர் அறையில் கத்தினேன். அன்று மதியமே நான்காவது மனுவைப் போட்டேன். காரணம் என்ற இடத்தில், 'இங்கே என் சேவைக்கு மதிப்பில்லை' என்று எழுதினேன்.

அந்த அம்மா ஆதரித்துக் கையெழுத்துப் போட்டார். மாற்றல் கிடைத்துவிட்டது. அப்போதும் என் புத்தி நேராகப் போகவில்லை. துரத்தத்தான் இத்தனை வேகம் என்றது. விடுவிப்புத் தாள்களை வாங்கப் போனபோது அடக்க முடியவில்லை.

"ரொம்ப நன்றி டீச்சர். நல்லா தொரத்திவிட்டீங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்கதான மதிப்பில்லன்னு எழுதுனீங்க? அப்புறம் எப்படி உங்கள புடிச்சு வைக்கிறது? டோல்ல மாட்டிக்கிட்டு பதறி ஓடி வரீங்களேன்னுதான் முதல் பாடத்த எடுத்தேன். சொன்னா மத்தவங்களும் கேப்பாங்கன்னு வாய மூடிக்கிட்டேன். சொல்லியிருக்கணும்."

அந்த முகத்தில் பொய்யைத் தேடினேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஒன்றும் அகப்படவில்லை.

"மாற்றல் வேணாம்னு எழுதிக் கொடுத்தா?" என்றேன்.

"உங்க எடத்துக்கு ஆள் போட்டாச்சு டீச்சர்."

புதிய பள்ளி வீட்டிலிருந்து பத்தே நிமிடம். முதல் நாள் காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்தேன். மேசைமேல் பதிவேடு, பக்கத்தில் ரூலர், அதன்மேல் ஒரு சிவப்புப் பேனா. தினமும் கோட்டுக்கு மேலேதான் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றரைக்கு மணி அடித்ததும் பையைத் தூக்கிவிடுகிறேன். இங்கேயும் முதலாம் ஆண்டில் மூன்று பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்ட வராது. வாசலில் வேனுக்கு நிற்பார்கள். அவர்களைப் பார்க்காததுபோல் காரை எடுக்கிறேன்.